முன்சக்கரத்தின் உள்பக்கம்

என் தங்கச்சி வீட்டுக்காரருக்குக் கார் ரேஸ் பைத்தியம். ரேஸ் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு, ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் சிமெண்ட் மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கோன்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டிவிட்டு வருவார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்துக்காக மீதி முப்பது நாளும் பேச்சு. இவர் கோன்களை இடித்துத் தள்ளுவதில் பேர் போனவர் என்பதால் கிளப்பில் இவருக்குப் பெயரே 'கோன்'தான். அதையும் ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி காரின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருக்கிறார். வெட்கம் என்ற ஒன்றைச் சில பேருக்குக் கடவுள் வைக்க மறந்துவிடுகிறார்.

நான் வீல் அலைன்மெண்ட் கடை வைத்திருக்கிறேன். ஒன்பது வருஷமாகிறது. இன்றைக்கும் வண்டியோடு வருகிறவர்கள் பொம்பளையா என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெக்கானிக் எங்கே என்று கேட்பார்கள். மெக்கானிக்தான் பேசுறேன், வண்டியை ஏத்துங்க என்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று வீட்டில் குறை. வராமல் இருக்க நான் என்ன கல்லா?

அந்தச் சனிக்கிழமை, நான் கடையைத் திறந்து கூட்டி முடிப்பதற்குள் தங்கச்சியை லேபில் இறக்கிவிட்டு மாப்பிள்ளை வந்து நின்றார். மறுநாள் இந்த வருஷத்தின் கடைசிப் போட்டியாம். முன்சக்கரங்களுக்கு இன்னும் அரை டிகிரி கேம்பர் வேண்டுமாம். பின்சீட்டில் அவருடைய ரேஸ் டயர்கள் நாலும் ரிம்மோடு சேர்த்து, சலவைக்குப் போய்வந்த படுக்கை விரிப்பில் சுற்றி, குளிப்பாட்டிய குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தன. வீட்டில் அவற்றுக்குக் கட்டிலுக்கு அடியில் இடம். அந்த விரிப்பைத் துவைப்பது என் தங்கச்சி.

கேம்பர் என்றால் ஒன்றுமில்லை. காருக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்ற கணக்கு. சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் வளைவில் வண்டி நன்றாகப் பிடிக்கும். வேகமாகத் திரும்பும்போது வண்டி ஒருபக்கமாக அமுங்கும் இல்லையா, அப்போதுதான் சாய்ந்த டயர் முழுசாகத் தரையில் உட்காரும். ஆனால் நேர் ரோட்டில் அதே டயர் உள்விளிம்பில் மட்டும்தான் ஓடும். ஒரு ஜாண் அகலத்துக்குத் தரையைத் தொட வேண்டியது மூணு விரல் அகலத்துக்குத் தொடும். ரோட்டில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று வண்டி தேடித் தேடிப் போகும். மழையில் பிரேக் அடித்தால் கேட்காது. அதனால்தான் ரேஸுக்கு ஒரு அளவு, ரோட்டுக்கு ஒரு அளவு.

அந்த வீட்டில் இருப்பது ஒரே கார். மாதத்தில் ஒரு ஞாயிறு அது ரேஸ் கார். மற்ற நாளெல்லாம் என் தங்கச்சி அதில்தான் வேலைக்குப் போகிறாள். அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். எழுந்து வர முடியாதவர்கள் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் பொறுப்பு. நாளுக்குப் பதினைந்து, இருபது வீடு. நரம்பே தென்படாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். வேறு யாரும் வந்தால் கையை நீட்டாமல் கிடக்கிற நோயாளிகள்கூட உண்டு. பதினொரு வருஷமாக அந்த வேலையில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

எட்டு மாதம் முன்பு மாப்பிள்ளைக்கு மூணு டிகிரி வைத்துக் கொடுத்தது நான்தான். கூடவே ஒரு ஏற்பாடும் செய்தேன். போல்ட்டில் ரேஸ் அளவுக்கு வெள்ளைக் கோடு, ரோட்டு அளவுக்கு மஞ்சள் கோடு, இரண்டையும் பெயிண்டால் போட்டேன். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மஞ்சளுக்குத் திருப்பிவிட வேண்டும், கேம்பர் மாறினால் டோ என்கிற முன்சக்கர நேர்கோடும் மாறும், அதற்கு ஸ்டியரிங் கம்பியை ஒண்ணேகால் சுற்று சுற்ற வேண்டும் என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மொத்தமே முக்கால் மணி நேர வேலை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மூணாவது மாதம் தங்கச்சி, கார் இழுக்கிறது என்றாள். ஸ்டியரிங்கை உடும்புப் பிடி பிடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று மாப்பிள்ளை சிரித்தார். அலைன்மெண்ட் போயிருக்குமோ அக்கா என்று என்னிடமும் ஒருமுறை கேட்டாள். நான் மாப்பிள்ளையைக் கேட்டேன். மஞ்சள் கோட்டில்தான் இருக்கிறது என்றார். சரி என்று விட்டுவிட்டேன். நாலு மாதம் முன்பு ஒரு மழைநாளில் அவள் பிரேக் அடித்தபோது வண்டி நிற்காமல் வழுக்கிப் போய் ஒரு பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரில் இடித்தது. நல்லவேளை, பிள்ளைகள் யாரும் வெளியே இல்லை. அவளுக்கும் அடியில்லை. ஆனால் அன்றைக்கு எடுத்து வைத்திருந்த ரத்தச் சாம்பிள் குப்பிகள் அத்தனையும் உடைந்து சீட்டெல்லாம் ரத்தம்.

அதற்கு அடுத்த வாரம் குடும்பமே கூடிச் சாப்பிட்ட இடத்தில், அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்த மாதிரி மாப்பிள்ளை நடித்துக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது போதாதென்று, உனக்கு ஸ்டியரிங் ஒத்துவராதுடி, விட்டுடு என்று வேறு சொன்னேன். அதிலிருந்து அவள் காரை ஊர்ந்தபடிதான் ஓட்டுவாள். எல்லா வீட்டுக்கும் தாமதம். கடைசியில் லேப் மேனேஜர், கவுண்ட்டரில் உட்கார்ந்து பேர் எழுதுகிற வேலைக்கு மாற்றித் தருகிறேன், விருப்பக் கடிதம் கொடு என்றார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி போன் செய்து, கொடுக்கட்டுமா அக்கா என்று கேட்டாள். கொடுத்துட்டு நிம்மதியா இரு என்றேன்.

இவ்வளவும் இருக்கிறது. இவர் என்னடாவென்றால் அரை டிகிரி கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

வண்டியை லிஃப்டில் ஏற்றினேன். ரேஸ் டயரை மாட்டித்தான் அளவு பார்க்க வேண்டும் என்பதால் ரோட்டுச் சக்கரங்களைக் கழற்றினேன். போல்ட் வெள்ளைக் கோட்டில் நின்றது. நாளைய போட்டிக்காக நேற்றே திருப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கழற்றிய முன்சக்கரத்தை உருட்டும்போது என் விரலில் சுரீர் என்று ஏதோ குத்தியது. பார்த்தால் டயரின் உள்விளிம்பில் ரப்பரே இல்லை. கம்பி தலைநீட்டிக்கொண்டிருந்தது. துணி தைக்கிற ஊசி கணக்காக வரிசையாகக் கம்பி.

அதைக்கூட ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். உள்பக்கம் சாய்ந்த சக்கரம் உள்பக்கம்தான் தேயும். எனக்குப் புரியாதது வெளிவிளிம்பு. அதுவும் மொட்டையாக இருந்தது. அதன்மேல் கறுப்புப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். மூணு டிகிரி உள்ளே சாய்ந்து ஓடுகிற டயரின் வெளிவிளிம்பு எப்படித் தேயும்? அது தரையையே தொடாதே. கேட்டதற்கு, ரேஸில் வளைவில் தேய்ந்திருக்கும் அக்கா என்றார். ரேஸுக்குத்தான் படுக்கை விரிப்பில் சுற்றி வேறு டயர் வைத்திருக்கிறாரே, இது எப்படி அங்கே தேயும்? அதைக் கேட்டதும் போனை நோண்ட ஆரம்பித்தார்.

சக்கரத்தைப் படுக்கப் போட்டுத் துடைத்தேன். அந்த ரக டயரில் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று பக்கவாட்டிலேயே எழுத்து அச்சடித்திருக்கும். வெளிப்பக்கம் என்ற எழுத்து உள்ளே இருந்தது. இன்னொன்றையும் பார்த்தேன். அதிலும் அப்படியே. யாரோ டயரை ரிம்மிலிருந்து கழற்றி, பக்கம் மாற்றித் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். உள்பக்கம் மொட்டையானதும் அதை வெளியே கொண்டுவந்து, நல்ல பக்கத்தை உள்ளே தள்ளி, அதையும் கம்பி தெரிகிற வரைக்கும் ஓட்டியாகிவிட்டது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு டயர்க்காரர் இருக்கிறார். இந்த வட்டாரத்தில் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்ட வேறு ஆள் கிடையாது. அவருக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமாக்கா, நான்தான் திருப்பிப் போட்டேன்" என்றார் டயர்க்காரர். "தங்கச்சி சுவத்துல இடிச்சாங்கள்ல, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு வந்தாரு. உள்பக்கம் சுத்தமா மொட்டை. மழையில இது எப்படி சார் நிக்கும், தூக்கிப் போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். திருப்பி மட்டும் மாட்டு, கொஞ்ச நாள் ஓடட்டும்னாரு."

ரெண்டு நாள் கழித்து. அந்தச் சாப்பாடு நடந்தது ஒரு வாரம் கழித்து. ஆக, டயர் மொட்டை என்று தெரிந்துகொண்டேதான் அந்த ஆள் எங்கள் எல்லோர் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு பிரேக் மிதித்துக் காட்டியிருக்கிறார். சாக்கடை அடைப்பைக் கையால் எடுத்தபோதுகூட எனக்கு அவ்வளவு அருவருத்ததில்லை.

மஞ்சள் கோட்டுக்கு எத்தனை தடவை திருப்பினீர்கள் என்று கேட்டேன். முதல் ரெண்டு மாதம் திருப்பினாராம். பிறகு ஞாயிற்றுக்கிழமை களைப்பாக இருந்ததாம். பிறகு ஒவ்வொரு முறையும் மாற்றினால் அளவு கெட்டுப்போகும் என்று கிளப்பில் யாரோ சொன்னார்களாம். அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றால், ஏற்கெனவே பயந்தவள், டயர் என்று சொன்னால் இன்னும் பயந்துவிடுவாள் என்று அவள் நல்லதுக்குத்தானாம். சப்பைக்கட்டு கட்டுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? வாயைத் திறந்தாலே நாறியது.

நான் ஸ்பானரைக் கையில் எடுத்ததைப் பார்த்து, சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"விடுங்கக்கா. அவதான் இன்னைக்கு லெட்டர் கொடுக்குறாளே. திங்கக்கிழமையில இருந்து பஸ்ஸுலதான் போவா. இனிமே இந்தக் கோட்ட மாத்துற வேலையே கிடையாது. நீங்க மூணரை வச்சிடுங்க, அப்படியே நிரந்தரமா இருக்கட்டும்."

இவ்வளவுக்கும் நடுவில் எப்படி அரை டிகிரி கேட்டு வந்தார் என்று எனக்குப் புரியாமல் இருந்தது அப்போதுதான் புரிந்தது. அவள் பயந்து ஒதுங்கினால் கார் வாரம் முழுக்க இவருக்கு. அவள் கையை அவளே சந்தேகப்பட வேண்டும், வேலையை அவளே விட வேண்டும், இவர் பக்கத்தில் நின்று உச்சுக் கொட்ட வேண்டும். அதுவரைக்கும் நான் அவரை ஒரு நாளும் மரியாதை இல்லாமல் பேசியதில்லை. தங்கச்சி வாழ்கிற வீடு என்று நாக்கைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். இனி என்ன மரியாதை?

"அந்த ஸ்டூல்ல போய் உக்காரு" என்றேன். "நான் சொல்ற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

உட்கார்ந்தான்.

தங்கச்சிக்குப் போன் செய்து, உடனே கடைக்கு வா, ஏன் எதற்கு என்று கேட்காதே என்றேன். அவள் வந்து சேர்வதற்குள் போல்ட்டுகளைத் தளர்த்தி இரண்டு பக்கமும் மஞ்சளுக்குத் திருப்பினேன். அதோடு விடவில்லை. ஸ்டியரிங் கம்பியையும் ஒண்ணேகால் சுற்று சுற்றி, டோவை நேர் செய்து, நட்டுகளை இறுக்கினேன். கம்பி தெரிகிற டயரில் அவளை ஏற்ற முடியாது. கடையில் அந்த அளவில் வேறு டயர் இல்லை. பின்சீட்டைத் திறந்து படுக்கை விரிப்பை உருவினேன். அவன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். அது நாளைக்கு வேணும் அக்கா, அது சாதா ரப்பர் இல்லை, ரோட்டில் ஓட்டினால் வீணாகிவிடும் என்று பதறினான். பெண்டாட்டி நாலு மாதம் மொட்டை டயரில் ஓடியபோது வராத பதற்றம். நாலு ரேஸ் டயரையும் ஒவ்வொன்றாக மாட்டி, மெஷினில் வைத்து அளவு சரிபார்த்தேன். எனக்கு அந்த நாளில் கிடைத்த ஒரே திருப்தி அதுதான்.

தங்கச்சி லேப் உடுப்போடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் பூசி மெழுகவில்லை. சக்கரத்தைக் காட்டினேன். உள்பக்கத்தில் அவள் விரலை வைக்கப் போனபோது, குத்தும் என்று தடுத்தேன். வெளிப்பக்கம் என்ற எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டினேன். டயர்க்காரர் சொன்னதைச் சொன்னேன். ரெண்டு நாள் என்பதை ரெண்டு தடவை சொன்னேன். அவள் புருஷனைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெட்டர் கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன்.

"காலையில போனதும் கொடுத்துட்டேன்" என்றாள். "நான் போற வீட்டு லிஸ்ட்ட அப்பவே புதுப் பொண்ணுகிட்ட மாத்திட்டாங்க."

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்க வாய் வந்தது. கொடு என்று சொன்ன வாய் அது. சாவியை நீட்டி, ஓட்டிப் பார் என்றேன். வேண்டாம் என்றாள். வற்புறுத்தி உட்கார வைத்து நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் கிடங்குகள் இருக்கிற நீளமான ரோடு. சனிக்கிழமை அங்கே வண்டியே வராது. முதலில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தாள். கையைத் தளர்த்து என்றேன். தளர்த்தினாள். கார் எங்கேயும் போகவில்லை, கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. கொஞ்சம் வேகம் எடுக்கச் சொல்லி, இப்போ பிரேக் அடி என்றேன். அடித்தாள். நின்றது. பக்கவாட்டில் ஒரு இம்மியும் நகரவில்லை. நான் சொல்லாமலே மறுபடியும் வேகம் எடுத்து மறுபடியும் அடித்தாள். இப்படி ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் கார் சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது. அவள் உடுப்பின் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு மாசமா என் கையப் பாத்து நானே பயந்துக்கிட்டு இருந்தேன்கா" என்றாள். "ஊசி பிடிக்கிறப்பக்கூட. வண்டியையே நேரா பிடிக்கத் தெரியாதவ, நமக்கு எதுக்கு இன்னொருத்தர் நரம்புன்னு."

அவனைப் பற்றி நான் வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தேன். பொய்யன், வெட்கங்கெட்டவன், இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு விட நிறுத்தியபோது என் பக்கம் திரும்பினாள்.

"அவர விடுக்கா. நீ வாராவாரம் புதன்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வருவ. வண்டி வாசல்லதான் நிக்கும். எனக்குத்தான் இதெல்லாம் தெரியாது. உனக்குமா தெரியல?"

மூணு டிகிரி சாய்வு என் கண்ணுக்குப் பத்தடி தூரத்திலேயே தெரியும். தெரிந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் தெரிந்தது. மஞ்சள் கோட்டில் இருக்கிற சக்கரம் அப்படி நிற்காது என்பது உலகத்தில் எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? கேட்டால் அவனோடு சண்டை வரும் என்று தள்ளிப்போட்டேனா என்றால் அதுவும் இல்லை. அதைவிடக் கேவலம். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"பாத்தேன்" என்றேன். "ரெண்டு பக்கமும் ஒரே அளவா எவ்வளவு கச்சிதமா சாஞ்சு நிக்குதுன்னு பாத்தேன். நான் வச்ச அளவுன்னு நெனச்சுக்கிட்டு உள்ள வருவேன்."

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"இறங்குக்கா" என்றாள். "நான் லேபுக்குப் போய் லெட்டரத் திருப்பித் தருவாங்களான்னு கேக்கணும்."

நானும் வருகிறேன், மேனேஜரிடம் நான் பேசுகிறேன் என்றேன். அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இறங்கினேன். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, அவசரமில்லாமல் எடுத்துக்கொண்டு போனாள். ரோட்டு முனையில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நன்றாகத்தான் ஓட்டுகிறாள். எப்போதுமே நன்றாகத்தான் ஓட்டியிருக்கிறாள்.

கடைக்கு நடந்து வந்தேன். அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். எட்டி எட்டி எனக்குப் பின்னால் பார்த்தான். வண்டி வரவில்லை என்றதும், பின்ரோட்டில் அத்தனை தடவை பிரேக் சத்தம் கேட்டதே, டயர் ரொம்பத் தேய்ந்திருக்குமா அக்கா என்று கேட்டான். காறித் துப்பத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவன் முகத்திலா, என் முகத்திலா, யார் முகத்தில் துப்புவது என்று தெரியாமல், அவன் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.